வேட்டைக் கிளப்பில் ஆள் குறைந்தால் குத்தகைப் பணத்தை எப்படிச் சமாளிப்பது

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் எங்கள் மான் வேட்டைக் கிளப்பின் கேம்ப்பில், ஷெட்டுச் சுவரில் ஒரு பெரிய பலகை மாட்டியிருக்கிறது. நிலத்தின் வரைபடத்தை அதில் ஒட்டி, பரண் இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு சின்னக் கொக்கி அடித்திருக்கிறோம். காட்டுக்குள் போகிறவர் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். யார் எந்தப் பரணில் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்பது மற்றவர்களுக்குத் தெரியும். ஆள் இல்லாத நேரத்தில் வில்லைகள் பலகையின் அடியில் வரிசையாகத் தொங்கும், மொத்தம் 15. ஒரு மார்ச் மாதம் அதில் நான்கைக் கழற்றி டப்பாவில் போட வேண்டி வந்தது. ஒருவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, ஒருவர் வேலை மாறி டென்னசி போய்விட்டார், இரண்டு பேர் காரணமே சொல்லவில்லை. ஜூன் 1-ஆம் தேதி குத்தகைப் பணம் கட்டியாக வேண்டும், பொருளாளர் நான்.

இதைப் படிக்கிற எல்லோருக்கும் இந்த ஏற்பாடு தெரிந்திருக்காது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று பொழுதுபோக்கு வேட்டை என்பதே கிடையாது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நிலமை வேறு. நிலம் பெரும்பாலும் தனியார் கையில், அதில் ஒரு பெரும் பங்கு பைன் மரம் வளர்த்து விற்கும் கம்பெனிகளின் கையில் இருக்கிறது. மரம் வளர்கிற இருபது முப்பது வருடமும் அந்தக் காட்டை ஏக்கருக்கு இவ்வளவு என்று வேட்டைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விடுவார்கள். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு கிளப் ஆரம்பித்து, குத்தகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வார்கள். நம்மூர்ச் சீட்டு மாதிரிதான். எல்லோரும் கட்டினால் சிக்கல் இல்லை, நாலு பேர் நழுவினால் மொத்தமும் ஆடிப்போகும்.

ஆள் குறைவது ஏதோ ஒரு கிளப்பின் தலைவிதி இல்லை. 1980களின் தொடக்கத்தில் நாடு முழுக்கச் சுமார் 1.7 கோடிப் பேர் வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள், 2016 மத்திய அரசுக் கணக்கெடுப்பில் அது 1.15 கோடி. கிளப்பில் இருக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. ஜார்ஜியாவில் 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வால்டோஸ்டாவிலிருந்து அகஸ்டா வரை பைன் காடுகளைப் புரட்டிப்போட்டது, பாதை அடைபட்டு, பரண்கள் போய், சில கிளப்புகளுக்கு அந்த சீசனே கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் லேனியர் கவுண்டியில் மான்களைக் கொல்லும் சி.டபிள்யூ.டி. நோய் இந்த மாநிலத்தில் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது, அந்தப் பக்கத்துக் கிளப்பில் புதிதாகச் சேர யோசிப்பவர்கள் இருக்கத்தானே செய்வார்கள். ஆகவே வருடா வருடம் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடப் பழகுங்கள்.

முதலில், பெரும்பாலான கிளப்புகள் செய்யும் தவறைச் சொல்கிறேன். மொத்தச் செலவைக் கூட்டி, இருக்கும் இடங்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதுதான் சந்தா என்று அறிவித்துவிடுகிறார்கள். எங்கள் கணக்கையே, புரிவதற்காக முழு எண்ணாக்கி, இங்கே வைக்கிறேன். 1,500 ஏக்கர், ஏக்கருக்கு 12 டாலர், குத்தகை 18,000. காப்பீடு 600. மானுக்காக விதைக்கும் தீவனப் பாத்திகளுக்கு விதை, உரம், சுண்ணாம்பு எல்லாம் சேர்த்து 2,400. பாதை செப்பனிடுவது, டிராக்டர் ரிப்பேர், டீசல் 1,500. கேம்ப்பில் கரண்ட், சீசனுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கும் கழிப்பறை 1,500. ஆக 24,000, பதினைந்தால் வகுத்தால் தலைக்கு 1,600. காகிதத்தில் பார்க்க அழகாக இருக்கும். நான்கு பேர் போனதும் 11 பேரிடம் வருவது 17,600, துண்டு விழுவது 6,400. குத்தகைக்கே போதவில்லை.

உடனே யாராவது ஒருவர், இருக்கிறவர்கள் பங்கு போட்டுக்கொள்வோம் என்பார். 24,000-ஐப் பதினொன்றால் வகுத்தால் தலைக்கு ஏறத்தாழ 2,182. போன வருடம் 1,600 கட்டியவரிடம் 582 டாலர் கூடுதலாகக் கேட்கிறீர்கள். அதில் இரண்டு பேராவது, போதும்ப்பா என்று விலகுவார்கள். ஒன்பது பேர் ஆனதும் தலைக்கு 2,667. இந்தச் சறுக்கு மரத்தில் ஏறிய கிளப் பிறகு எழுந்து நிற்பது ரொம்பக் கஷ்டம், நான் பக்கத்து நிலத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன், மூன்றே வருடத்தில் கேட்டில் வேறு பெயர்ப் பலகை தொங்கியது.

அதனால் செலவை இரண்டு கூறாகப் பிரியுங்கள். கட்டாவிட்டால் நிலமே கையை விட்டுப் போய்விடும் என்பவை ஒரு பக்கம், அதாவது குத்தகையும் காப்பீடும் மட்டும், எங்கள் கணக்கில் 18,600. மற்றதெல்லாம் இன்னொரு பக்கம், அது 5,400. இப்போது முதல் கூறை 15 பேர் தலையில் போடாதீர்கள், 12 பேர் தலையில் போடுங்கள். 12 பேர் 1,600 கட்டினால் 19,200, குத்தகையும் காப்பீடும் போக 600 மிச்சம். 13, 14, 15-ஆவது ஆள் கட்டும் 4,800-ம் இந்த 600-ம் சேர்ந்தால் சரியாக 5,400, தீவனப் பாத்தி, பாதை, கேம்ப் எல்லாம் முடிந்துவிடும். சந்தா அதே 1,600 தான், ஒரு டாலர் கூடவில்லை. மாறியது வரிசை மட்டும். கடைசி மூன்று பேர் சேரும் வரை இரண்டாவது கூறில் எதையும் வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

இப்படிப் பார்த்தால் 11 பேர் இருந்த அந்த வருடம் எங்களுக்கு உண்மையில் துண்டு விழுந்தது 6,400 இல்லை, 1,000. பதினொரு பேரிடம் 91 டாலர் கேட்டால் முடிகிற விஷயம். கூட்டத்தில் 582 என்று சொல்வதற்கும் 91 என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைக்கு நேரில் பார்த்தேன். முதலில் கோபமாக எழுந்து நின்றவர்தான் கடைசியில் தன் சொந்த டிராக்டரைக் கொண்டுவந்து பாதையை வெட்டித் தருகிறேன் என்றார். அந்த வருடம் கழிப்பறை வாடகைக்கு எடுக்கவில்லை, தீவனப் பாத்தி ஏழுக்குப் பதிலாக இரண்டு, அதிலும் ஒருவர் வீட்டில் மிச்சமிருந்த ஓட்ஸும் கோதுமையும்தான் விதைத்தோம். மான் வராமல் போய்விடவில்லை.

அடுத்து, பணம் வாங்கும் காலம். இதில்தான் நான் அடிபட்டேன். பொருளாளரான முதல் வருடம், வருகிறோம் என்று வாய் வார்த்தையாகச் சொன்னவர்களையெல்லாம் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டு குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மே கடைசி வாரத்தில் இரண்டு பேர் போனை எடுக்கவில்லை. 3,200 டாலரை என் கைக்காசிலிருந்து போட்டேன், அதைத் திரும்ப எடுக்க அடுத்த ஏப்ரல் ஆனது. வீட்டில் அதற்கு நான் பதில் சொன்ன விதத்தை இங்கே எழுத முடியாது. அதன் பிறகு எங்கள் விதி இது: மான் சீசன் ஜனவரி நடுவில் முடிகிறது, முடிந்த இரண்டு வாரத்துக்குள் கூட்டம், பிப்ரவரி 15-க்குள் 500 டாலர் முன்பணம், அது திரும்பக் கிடைக்காது. ஏப்ரல் 1-க்குள் 600. மே 15-க்குள் மீதி 500. முன்பணம் கட்டாதவரின் வில்லை பிப்ரவரி 16 அன்று பலகையிலிருந்து இறங்கிவிடும், பத்து வருடப் பழக்கமானாலும் சரி. இது கல்நெஞ்சம் மாதிரித் தோன்றலாம். ஆனால் ஒருவர் விலகப்போகிறார் என்று பிப்ரவரியில் தெரிந்தால் புது ஆள் தேட மூன்று மாதம் கையில் இருக்கிறது, மே கடைசியில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

முன்பணம் ஏன் திரும்பாது என்பதை எழுத்தில் கொடுங்கள். நாங்கள் அனுப்பும் செய்தி இவ்வளவுதான்: "இந்த 500 உங்கள் இடத்தைப் பிடித்து வைக்கிறது. நீங்கள் பிறகு விலகினால், உங்கள் இடத்துக்கு முழுச் சந்தா கட்டும் ஒருவர் வந்தால் மட்டுமே திருப்பித் தருவோம்." இரண்டாவது வரி முக்கியம். விலகுகிறவரே தன் மச்சானையோ வேலையிடத்து நண்பரையோ கூட்டிக்கொண்டு வந்துவிடுவார், எங்கள் கடைசி மூன்று புது உறுப்பினர்களில் இரண்டு பேர் அப்படி வந்தவர்கள்தான்.

பணத்தைக் கேம்ப்பில் காபி டப்பாவில் போட்டு வைக்கும் வழக்கம் இன்னும் சில கிளப்புகளில் இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடுங்கள். வரித் துறையான ஐ.ஆர்.எஸ். தளத்தில் கிளப்பின் பெயரில் ஈ.ஐ.என். என்ற வரி அடையாள எண் இலவசமாகக் கிடைக்கிறது, அதை வைத்துத் தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். போனில் பணம் அனுப்பும் வென்மோ செயலியில், உங்கள் சொந்தக் கணக்கில் சந்தா வாங்காதீர்கள், வரிக் காலத்தில் தலைவலி. இரண்டு பேர் கணக்கைப் பார்க்க முடிகிற மாதிரி வையுங்கள். இன்னொன்று, கிளப் பதிவு செய்யப்படாத வெறும் நண்பர் குழுவாக இருந்தால் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்தான் மொத்தக் கடனுக்கும் பொறுப்பு என்று ஆகிவிடலாம். மாநிலத்தில் லாப நோக்கமற்ற நிறுவனமாகவோ எல்.எல்.சி. எனும் வரையறுத்த பொறுப்பு நிறுவனமாகவோ பதிவு செய்துவிட்டு, கிளப்பின் பெயரில் கையெழுத்திடுங்கள். நிலக்காரர் தனி ஆளின் உத்தரவாதத்தையும் சேர்த்துக் கேட்டால், யார் யார் அதில் பங்கு என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, காலியிடத்தை நிரப்புவது எப்படி? முழு உறுப்பினர்தான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். ஜார்ஜியாவில் வில் அம்பு சீசன் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகிறது, துப்பாக்கி சீசன் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை, வான்கோழி சீசன் வசந்தத்தில். மான் ஆட்கள் ஏப்ரலில் காட்டுப் பக்கமே வரமாட்டார்கள், அதே காடு வான்கோழி ஆட்களுக்கு அப்போதுதான் வேண்டும். இரண்டு பேருக்கு வான்கோழிக்கு மட்டும் என்று ஆளுக்கு 400 டாலரில் இடம் கொடுத்தால் எங்களுக்கு அன்று விழுந்த 1,000 டாலர் துண்டில் 800 அடைந்துவிடுகிறது, அக்டோபரில் பரணுக்குப் போட்டியும் கூடவில்லை. ஜார்ஜியாவில் வான்கோழி ஒரு சீசனுக்கு இரண்டுதான் என்பதால் காட்டுக்கும் பெரிய பாரம் இல்லை. வில் அம்புக்கு மட்டும் என்றும் ஒரு இடம் கொடுக்கலாம். கிளப்பில் ஏற்கெனவே இருப்பவரின் கல்லூரி போகும் மகனையோ மகளையோ பாதிச் சந்தாவில் சேர்ப்பது எல்லாவற்றையும் விட நல்லது, நாலு வருடத்தில் அவர்கள் முழு உறுப்பினர் ஆவார்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். காலியிடத்தை நாள் வாடகைக்கு வெளியாட்களுக்கு விற்பது. கேட்கும்போது சுலபமாகத் தெரியும், ஒரு வாரக் கடைசிக்கு 200 டாலர் என்று நாலு பேர் கிடைப்பார்கள். ஆனால் மரக் கம்பெனிகளின் பத்திரத்தில் உள்குத்தகை கூடாது என்ற வரி அநேகமாக இருக்கும், மீறினால் குத்தகையையே ரத்து செய்யலாம். காப்பீடும் உறுப்பினர்களுக்கும் அவர்களின் விருந்தாளிகளுக்கும் எடுத்ததாக இருக்கும், காசு கொடுத்து வந்தவன் பரணிலிருந்து விழுந்தால் யார் பதில் சொல்வது? உங்கள் கிளப் வரிச் சட்டத்தில் பொழுதுபோக்குக் கிளப்புகளுக்கான 501(சி)(7) பிரிவில் வரிவிலக்கு வாங்கியிருந்தால் இன்னொரு கண்ணியும் உண்டு. உறுப்பினர் அல்லாதவர்கள் கிளப்பின் வசதிகளைப் பயன்படுத்தக் கொடுக்கும் பணம் மொத்த வருமானத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வட்டி மாதிரியான வெளி வருமானத்தையும் சேர்த்தால் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 24,000 டாலர் கிளப்புக்கு 15 சதவீதம் என்பது 3,600 தான். அப்புறம், வருமானம் 50,000 டாலருக்குள் இருக்கும் சின்னக் கிளப்பும் வருடா வருடம் 990-என் என்ற சின்ன மின்னணுப் படிவத்தை அனுப்ப வேண்டும், தொடர்ந்து மூன்று வருடம் அனுப்பாவிட்டால் விலக்கு தானாகப் போய்விடும். பொருளாளர் மாறும்போது மறந்துபோவது இதுதான், வங்கி அட்டையோடு சேர்த்து இதையும் கைமாற்றுங்கள்.

ஆள் தேடும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜார்ஜியா அவுட்டோர் நியூஸ் பத்திரிகையின் வரி விளம்பரம், மான் கறி வெட்டித் தரும் கடையின் சுவர், வில் அம்புக் கடை, இவைதான் எங்களுக்குப் பலன் தந்தவை. தெற்கு ஜார்ஜியாவில் இருக்கும் கிளப்புகளுக்கு ஃப்ளோரிடாக்காரர்கள் நிறைய வருவார்கள், அந்தப் பக்கமும் சொல்லி வையுங்கள். விளம்பரத்தில் ஏக்கர், உறுப்பினர் எண்ணிக்கை, சந்தா, கேம்ப்பில் கரண்ட் தண்ணீர் உண்டா, இத்தனையும் இருக்கட்டும். வருகிறவரை நிலத்தைச் சுற்றிக் காட்டாமல் பணம் வாங்காதீர்கள். கணக்கு நோட்டையும் காட்டுங்கள். போன வருடம் ஒருவர், ஷெட்டில் நின்றபடியே நோட்டின் மூன்று பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பரண் எப்படி இருக்கிறது என்று கூடக் கேட்காமல் செக் எழுதிக் கொடுத்தார். அவருடைய பழைய கிளப்பில் பத்து வருடத்தில் ஒரு ரசீதுகூடப் பார்த்ததில்லையாம்.

இதையெல்லாம் செய்தும் ஆள் சேரவில்லை என்றால் நிலக்காரரிடம் பேசுங்கள், குத்தகை நாளுக்கு முந்தைய வாரத்தில் இல்லை, மார்ச்சிலேயே. தனி மனிதர் நிலம் என்றால் இரண்டு தவணையாக வாங்கிக்கொள்ளச் சம்மதிப்பார், கேட்டைப் பார்த்துக்கொள்வது, விழுந்த மரத்தை அகற்றுவது என்று நீங்கள் செய்யும் வேலைக்கும் மதிப்பு கொடுப்பார். பெரிய கம்பெனி ஏக்கர் விலையைக் குறைப்பது அபூர்வம், ஆனால் அந்த வருடம் ஒரு பகுதியை மொட்டையாக வெட்டியிருந்தாலோ புயலில் விழுந்த மரத்தை எடுக்க மாதக்கணக்கில் லாரி ஓடினாலோ கேட்டுப் பார்க்க நியாயம் உண்டு. தேதி போட்ட போட்டோவோடு கேளுங்கள்.

அல்லது நிலத்தைக் குறையுங்கள். எங்கள் 1,500 ஏக்கர் ஒரே துண்டு இல்லை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் 400 ஏக்கர் தனியாக இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்தால் 4,800 மிச்சம், மீதி 1,100 ஏக்கரில் 11 பேர், ஆளுக்கு 100 ஏக்கர், பல கிளப்புகளில் போதும் என்று சொல்லும் அளவு அதுதான். நாங்கள் கடைசி வரை யோசித்துக் கொடுக்காமல் விட்டோம், காரணம் ஒருமுறை விட்ட துண்டு பெரும்பாலும் திரும்பி வராது, வேறு கிளப் பிடித்துக்கொள்ளும், நம் எல்லைப் பரணுக்கு எதிரே அவர்கள் பரண் கட்டுவார்கள். ஆனால் இரண்டு வருடம் தொடர்ந்து 12 பேர் தேறவில்லை என்றால் நானே கொடுத்துவிடுவோம் என்றுதான் சொல்வேன். ஒட்டுமொத்தமாக இழப்பதை விட அது மேல்.

நல்ல வருடத்தில் 15 பேரும் சேர்ந்து, செலவு போகக் கொஞ்சம் மிஞ்சினால், புது டிராக்டர் இணைப்பு, மானுக்குத் தீவனம் போடும் புது ஃபீடர் என்று மனசு போகும். கொஞ்சம் பொறுங்கள். இரண்டு ஆளின் சந்தா அளவுக்கு, எங்களுக்கு 3,200, கையிருப்பில் சேரும் வரை வேறு எதற்கும் தொடாதீர்கள். நாங்கள் ஒவ்வொருவரிடமும் வருடத்துக்கு 75 டாலர் இதற்கென்று தனியாக வாங்கி மூன்று வருடத்தில் சேர்த்தோம். அதை எடுக்க வேண்டுமென்றால் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் கை தூக்க வேண்டும் என்று விதி, எடுத்தால் அடுத்த சீசனுக்குள் நிரப்ப வேண்டும்.

கிளப்பை மூட வேண்டிய நிலை வந்தால் என்ன செய்வது என்பதையும் நன்றாக ஓடுகிற காலத்திலேயே எழுதி வையுங்கள். டிராக்டர் யாருக்கு, கேம்ப் டிரெய்லர் யாருக்கு, கையிருப்பை யார் யார் பிரித்துக்கொள்வது, பத்து வருடம் கட்டியவருக்கும் போன வருடம் சேர்ந்தவருக்கும் ஒரே பங்கா. வரிவிலக்கு வாங்கிய கிளப் என்றால் பிரிப்பதற்கு முன் ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் விதியில் இது அரைப் பக்கம். சாமானை உறுப்பினர்களுக்குள் ஏலம் விட்டு, பாக்கிகளைத் தீர்த்து, மீதியைக் கட்டிய வருடங்களின் கணக்கில் பிரிப்பது. பித்தளை வில்லையை மட்டும் அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று ஒருவர் சேர்க்கச் சொன்னார், சேர்த்தோம்.